நாலு இன்ச் என்கிறார்கள், நாலும் நாலு அளவாக இருக்கிறது: தூசிக் குழாயை மெஷினில் மாட்டுவது எப்படி?

பூவரசம்பலகை (ஒத்தக்கடை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக்கி மூன்று வருடம் ஆகிறது. முழுநேரத் தொழில் இல்லை. ஆபீஸ் விட்டு வந்து, ஊஞ்சல் பலகை, கட்டில், சொந்தக்காரர்களுக்கு நிலை கதவு என்று செய்துகொண்டிருக்கிறேன். தூசி தாங்காமல் போன மாதம் ஒருவழியாக டஸ்ட் கலெக்டர், அதாவது மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மெஷின், வாங்கினேன். 2 எச்பி, சிங்கிள் பேஸ். மேலே துணிப் பை, கீழே பிளாஸ்டிக் பை. அதன் வாய் 125 மில்லிமீட்டர். அது இரண்டு 100 மில்லி வாயாகப் பிரிகிறது.

வினை இங்கேதான் ஆரம்பம். டேபிள் சாவின் (மேஜை ரம்பம்) வாய் வெளிவிட்டம் 100. பேண்ட் சாவில் (பட்டை ரம்பம்) 98 போல வருகிறது, அதுவும் நுனியில் ஒடுங்குகிறது. பலகையை ஒரே கனத்துக்குச் சீவுகிற திக்னஸ் பிளேனரில் 63. சாண்டரில் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) 35 இருக்கலாம், ஆனால் அது வட்டமா முட்டையா என்றே சொல்ல முடியவில்லை.

கடையில் போய் நாலு இன்ச் பைப் கேட்டேன், கொடுத்தார்கள். நாலு இன்ச் ஹோஸ் கேட்டேன், அதையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹோஸ் பைப்புக்கு மேலேயும் ஏறவில்லை, உள்ளேயும் போகவில்லை. பைப்பை மெஷின் வாயில் மாட்டினால் கொடகொடவென்று ஆடுகிறது.

சரி, பிளேனரையாவது முடிப்போம் என்று கலெக்டர் வாயிலேயே ஒரு ரெடியூசரை (அளவைக் குறுக்கும் இணைப்பு) போட்டு, அங்கிருந்து பிளேனர் வரை 5 மீட்டருக்கு இரண்டரை இன்ச் ஹோஸ் இழுத்தேன். வேங்கைப் பலகை நாலு ஓட்டியதும் அடைத்துக்கொண்டது. ஹோஸைக் கழற்றி உதறினால் வைக்கோல் பிரி மாதிரி சுருள் சுருளாக வந்து விழுகிறது. எந்த அடாப்டர் வாங்கினால் இது தீரும்?

உளிச்சத்தம் (திருமங்கலம்)

தம்பி, முதலில் விட்டம் அளக்கிற வெர்னியர் இருக்கிறதா? இல்லாவிட்டால் பாதகமில்லை. வாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலை நீட்டி அள. 314 மில்லி வந்தால் விட்டம் 100. 308 வந்தால் 98. வாயின் அடியில் ஒரு தடவை, நுனியில் ஒரு தடவை அள. கண்ணால் பார்த்து ‘100 போல’ என்று கடைக்குப் போனால் மூன்று தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

பாலைவனத்து ரம்பம்

நான் பத்து வருடம் வெளிநாட்டில் மரவேலைக் கடையில் இருந்தவன். இதற்கெல்லாம் ரப்பர் கப்ளர் செட்டாகவே கிடைக்கும், ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுங்கள். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் எவ்வளவு அழகாக மாட்டுகிறார்கள் பாருங்கள். நம்மூரில்தான் எதையெடுத்தாலும் சைக்கிள் டியூப்.

கப்பலூர் ஃபிட்டர்

அந்த வீடியோக்களை நானும் பார்ப்பேன். ஆனால் அதை நம்பி நம்மூரில் பைப் வாங்கினால் கதை கந்தல். அவர்களிடம் நாலு இன்ச் என்று இரண்டு வகை பைப் உண்டு. ஒன்று மெல்லிய சாக்கடைக் குழாய், வெளிவிட்டம் 107 மில்லி. இன்னொன்று கனத்தது, 114. நம்மூரில் நாலு இன்ச் என்று வாயில் சொல்வது 110 மில்லி பைப். அவர்கள் அளவுக்குச் செய்த அடாப்டர் நம் பைப்பில் உட்காராது.

பூவரசம்பலகை சார், உங்களைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒரே பெயரில் மூன்று அளவு புழங்குகிறது, அவ்வளவுதான். ஹோஸ் கடையில் இன்ச் என்றால் உள்விட்டம். நாலு இன்ச் ஹோஸின் உள்ளே 101.6 இருக்கும். பிவிசி பைப்பில் சொல்வது வெளிவிட்டம், அதுவும் மில்லியில். மெஷின்காரன் 100 என்று சொல்வது பெரும்பாலும் வாயின் வெளிவிட்டம், 100 மில்லி ஹோஸ் மேலே ஏறுவதற்காக. அதனால் ஹோஸை நேராக மெஷினில் மாட்டினால் பொருந்தும். நடுவில் பைப் வந்தால்தான் தகராறு.

இதில் ஒரு வேடிக்கை. மற்ற அளவுகளில் நம் பைப்பும் ஹோஸும் சொல்லிவைத்தது போலச் சேரும். 50 மில்லி பைப்பின் மேல் இரண்டு இன்ச் ஹோஸ் ஏறும். 63-க்கு இரண்டரை இன்ச், 75-க்கு மூணு இன்ச். பம்ப்செட் கடையில் விற்கிற பச்சை சக்‌ஷன் ஹோஸை எடுத்து 63 பைப்பில் செருகிப் பாருங்கள், கிளிப்பே வேண்டாம் போல நிற்கும். நாலு இன்ச்சில் மட்டும் கணக்கு உதைக்கிறது.

இனி அடைப்புக்கு வருகிறேன். எந்த அடாப்டர் என்பது அப்புறம், குழாயை எந்த இடத்தில் குறுக்கினீர்கள் என்பதைப் பாருங்கள். 63 குழாயின் வாய்ப் பரப்பு 100 குழாயில் ஐந்தில் இரண்டு பங்குதான். மரத்தூள் குழாயில் படியாமல் ஓட காற்றுக்கு நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்த வேகத்தில் 100 மில்லி குழாய் மணிக்கு 560 கன மீட்டர் காற்றைக் கொண்டு போகும், 63 குழாய் 224 சொச்சம். பிளேனருக்கு அது போதவே போதாது. நீங்களோ கலெக்டரின் தொண்டையிலேயே குறுக்கி, 5 மீட்டர் நீளத்துக்கும் அதே குறுகலில் இழுத்திருக்கிறீர்கள். கலெக்டரில் இருக்கிற ப்ளோயர் (காற்றாடி) நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் அதன் இழுப்பில் பலம் கிடையாது. வாக்குவம் கிளீனர் நேர்மாறு. காற்று கொஞ்சம், இழுப்பு பல மடங்கு. சின்ன ஓட்டைக்கு வாக்குவம், பெரிய வாய்க்கு ப்ளோயர். இரண்டையும் மாற்றி மாட்டினால் எந்த அடாப்டரும் காப்பாற்றாது.

100 மில்லியை மெஷின் வரைக்கும் கொண்டு போங்கள். குறுக்கியே ஆக வேண்டுமென்றால் மெஷின் வாயில், கடைசி ஒரு சாணில் குறுக்குங்கள்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம்

அண்ணா, ஒரு சந்தேகம். பிளேனர் வாய் 63 என்றால் அதற்குள் வருகிற காற்று அவ்வளவுதான். அதைப் பின்னால் 100 குழாயில் விட்டால் வேகம் குறையுமே? 63-இல் 20 மீட்டர் ஓடினால் 100-இல் 8 மீட்டர்தான் ஓடும். சுருள் குழாயின் அடியில் படிந்துவிடாதா?

கப்பலூர் ஃபிட்டர்

நல்ல கேள்வி தம்பி. படியும். மெஷின் பக்கத்தில் ஒரு ஒய் (இரண்டாகப் பிரியும் இணைப்பு) போட்டு, ஒரு கால் பிளேனருக்கு, இன்னொரு கால் சும்மா காற்று வாங்க. அந்தக் காலில் ஒரு தகரத் தகட்டை வைத்து, வேண்டிய அளவுக்குத் திறந்து விட வேண்டும். வெறும் காற்று என்றுகூட வீணாக்க வேண்டாம், பிளேனரில் பலகை வெளியே வருகிற இடத்துக்கு நேராக அந்தக் காலைத் திருப்பி வைத்தால் சிதறுகிற சுருளைப் பொறுக்கும்.

ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. சார், அந்த 63 வாய் மெஷினோடு சேர்ந்து வார்த்ததா, இல்லை தனியாக மாட்டியதா? பாருங்கள். பல பிளேனர்களில் 100 மில்லி ஹூட் (தூளைப் பிடிக்கும் மூடி) இருக்கும். வாக்குவத்தில் மாட்டுகிறவர்களுக்காக மேலே ஒரு 63 ரெடியூசரைச் செருகி அனுப்புவார்கள்.

பூவரசம்பலகை (ஒத்தக்கடை)

இப்போது பவர் கட். வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசல்காரி (சோழவந்தான்)

நான் மரச் சாமான் கடைசல் செய்கிறேன். மத்து, உருட்டுக்கட்டை, தொட்டில் கம்பு எல்லாம். கடைசல் மெஷினில் வாய் என்று ஒன்றே கிடையாது, பொருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் தகரப் பட்டறையில் போய், முறத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய வாய், பின்னால் 100 மில்லி உருளை என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘என்ன புனல்மா இது, எந்த டிரம்முக்கு?’ என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் ஜிஐ தகட்டில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது, தகரக்காரரிடம் எந்த அளவும் கிடைக்கும். இந்தப் பக்கம் 98, அந்தப் பக்கம் 101, நீளம் ஒரு சாண் என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு முனையைக் கொஞ்சம் ஒடுக்கித் தரச் சொல்லுங்கள். இறுக்கி அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு நான் அடி வெட்டிய எவர்சில்வர் டம்ளரைக்கூட மாட்டி ஓட்டியிருக்கிறேன். டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல். ரெடியூசருக்கு வேறென்ன வேண்டும்? என்ன, வீட்டில் ஆறு டம்ளர் செட் ஐந்தானதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உளிச்சத்தம் (திருமங்கலம்)

தோட்டத்துக்கு லைன் இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சாக்கெட்டே வாங்க மாட்டார்கள். காய்ந்த தென்னை மட்டையைக் கொளுத்தி, பைப் நுனியை அதில் உருட்டி உருட்டிக் காட்டுவார்கள். இளகியதும் இன்னொரு பைப்பை அதற்குள் ஒரே அழுத்து. ஈரச் சாக்கைச் சுற்றினால் அப்படியே இறுகி நிற்கும். அதே வேலைதான் இங்கேயும். கடைசலில் ஒரு கட்டையைக் கடைந்து கொள். நுனி பைப்புக்குள் நுழைகிற அளவு, அடி 103. இளகின 90 பைப்புக்குள் தள்ளினால் வாய் விரிந்து கொடுக்கும். கட்டையை மெஷின் வாயின் அளவுக்கே கடைந்தால் பைப்பும் அதே அளவில் நிற்கும்.

தீயில் காட்டினால் கரியும், நாற்றம் மூக்கைத் துளைக்கும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. வெளியில் வைத்துச் செய். வீட்டில் என்றால் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க விட்டு நுனியை ஐந்து நிமிடம் முக்கு. பிவிசிக்கு அந்தச் சூடே போதும்.

110 பைப்பை நாலு இன்ச் ஹோஸோடு சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு வழி. ஒரு ஜாண் 110 பைப்பை வெட்டி, நீளவாக்கில் 26 மில்லி பட்டையை அறுத்து எடுத்துவிடு. மிச்சத்தைச் சூடு காட்டி இறுக்கினால் விளிம்பும் விளிம்பும் சேர்ந்து, வெளிவிட்டம் 101.6-க்கு வந்துவிடும். அதன் ஒரு பாதி ஹோஸுக்குள், மறுபாதி முழு 110 பைப்புக்குள். பைப் பக்கம் இடைவெளி இருக்கும், அங்கேதான் சைக்கிள் டியூப் மூன்று சுற்று. பாலைவனத்துத் தம்பி மன்னிக்கணும்.

கப்பலூர் ஃபிட்டர்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 110-இல் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. டைப் ஏ மழைத்தண்ணீர் இறங்கும் குழாய், கனம் 2.2 மில்லி. டைப் பி கக்கூஸ் லைனுக்கு, 3.2. நமக்கு டைப் ஏ போதும். எடை குறைவு, உள்ளே இடமும் கூட, சூட்டுக்கும் சீக்கிரம் இளகும். டைப் ஏயின் உள்ளே 105.6 இருக்கும், அதில் 100 மில்லி வாயைச் செருகினால் சுற்றிலும் 2.8 மில்லி இடைவெளி. சார் சொன்ன ‘கொடகொட’ அதுதான்.

மாட்டுகிற திசையையும் கவனியுங்கள். ஓடு வேய்கிறபோது மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின் மேல்தானே படிய வைக்கிறோம்? மாற்றி வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். இங்கேயும் அப்படி. காற்று வருகிற குழாய், காற்று போகிற குழாய்க்குள் செருகியிருக்க வேண்டும். மாறினால் உள்ளே ஒரு விளிம்பு காற்றுக்கு எதிரே நிற்கும். டேபிள் சா தூள் அதைச் சட்டை செய்யாது. பிளேனர் சுருள் அதில்தான் முதலில் மாட்டும், அப்புறம் சுருளில் சுருள். எங்கேயாவது மாற்றித்தான் செருக முடியும் என்றால், ஐயா சொன்ன அறுத்த பைப் ஹோஸுக்குள் போகிற இடம் போல, அந்த உள்விளிம்பைக் கத்தியால் சீவிச் சரிவாக்கி விடுங்கள். ஸ்க்ரூ அடித்து இணைக்காதீர்கள், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலும் அதே கதை.

பைப்பைப் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். ரப்பர் ரிங் வைத்த ஃபிட்டிங் வாங்கினால் கையாலேயே கழற்றி மாட்டலாம். திருப்பங்களில் டோர் பெண்ட் (சின்னக் கதவு வைத்த வளைவு) போடுங்கள். அடைத்தால் கதவைத் திறந்து விரலை விட்டு எடுத்துவிடலாம். பாத்ரூமுக்காகச் செய்தது, நமக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

பாலைவனத்து ரம்பம்

சைக்கிள் டியூபை மன்னித்துவிட்டேன். ஆனால் பிவிசி பைப்பில் தூள் உரசினால் ஸ்டாட்டிக் கரண்ட் ஏறி வெடிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே? அதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை.

கப்பலூர் ஃபிட்டர்

ஸ்டாட்டிக் ஏறும், ஷாக் அடிக்கும். பங்குனி சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது கை வைத்தால் சுரீர் என்று இழுக்கும். ரம்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு கையை உதறினால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். ஹோஸுக்குள் ஸ்டீல் கம்பி இருந்தால் இரண்டு நுனியிலும் உரித்து, ஒன்றை மெஷின் பாடியிலும் இன்னொன்றைக் கலெக்டர் பாடியிலும் முடுக்குங்கள். இரண்டு மெஷினும் எர்த் ஆகியிருக்க வேண்டும். பிவிசி பைப்பின் மேல் செம்புக் கம்பி சுற்றினால் கம்பி தொடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் குறையும், பைப் முழுக்கப் போகாது. பெரிய ஃபேக்டரியில் தூள் வெடிப்பது நிஜம்தான், அங்கே முழுக்க இரும்புக் குழாய் போடுவார்கள். நம் மாதிரி ஒற்றை மெஷின் பட்டறையில் பயப்பட வேண்டியது வேறு.

உளிச்சத்தம் (திருமங்கலம்)

ஆணி. நான் சொல்கிறேன் அதை.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடித்த தேக்கு வாங்கி வந்தோம். நல்ல மரம், அறுத்தால் எண்ணெய் மணம். ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு என்று நினைத்தோம். ஒன்று உள்ளே ஒடிந்து கிடந்திருக்கிறது. பிளேடு பட்டதும் ஒரு பொறி, கண்ணுக்குத் தெரிந்தது. அது நேராகக் குழாய்க்குள் போய்விட்டது. சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் போன் செய்தார், கதவிடுக்கில் புகை வருகிறதாம். பைக்குள் தூள் உமி மூட்டம் மாதிரி கனன்று கொண்டிருந்தது. பையோடு தெருவுக்கு இழுத்துப் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கூரை மிஞ்சியிருக்காது.

அன்றிலிருந்து பழைய மரம் அறுக்கிற நாளில் கலெக்டரை மாட்டுவதே இல்லை. தூள் கீழே விழட்டும், கூட்டிக்கொள்ளலாம். மற்ற நாளில் வீட்டுக்குக் கிளம்பும் முன் பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

கடைசல்காரி (சோழவந்தான்)

ஐயா, கூட்டுகிறபோது முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வைத்துவிட்டது. தேக்குத் தூள் எனக்குக் கையெல்லாம் தடித்துவிடும், அது தனி.

பூவரசம்பலகை (ஒத்தக்கடை)

எல்லோரும் சேர்ந்து என்னை அடிக்கலாம்.

பவர் வந்ததும் டார்ச்சோடு பிளேனருக்கு அடியில் குனிந்தேன். 63 வாய்க்குக் கீழே இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. மரத்தூள் அப்பி, பெயிண்டோடு பெயிண்டாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. கழற்றினால் வாய் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஜம்மென்று 100 மில்லி ஹூட். மூன்று வருடமாக நான் ரெடியூசரை மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூல் வைத்து அளந்தேன், 320 வந்தது. அதாவது 101.9. நாலு இன்ச் ஹோஸ் மயிரிழையில் ஏற மறுத்தது. ஐயா சொன்ன அண்டா வேலைக்கு அம்மா விடவில்லை. அதனால் மாடியில் வத்தல் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஹோஸை வெயிலில் போட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொட முடியாத சூடு. துணியால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினேன். ஏறிவிட்டது. இனி கழற்றுவதற்குத்தான் வழி கேட்க வேண்டும்.

வேங்கை பன்னிரண்டு பலகை ஓட்டினேன். அடைக்கவில்லை. தரையில் ஒரு கை சுருள்கூட இல்லை. டேபிள் சாவுக்கும் நேராக ஹோஸையே மாட்டிவிட்டேன், பைப்பை ஓரமாக வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம்

அண்ணா, பேண்ட் சாவுக்கு வேண்டுமென்றால் 3டி பிரிண்டில் எடுத்துத் தருகிறேன், காலேஜில் மெஷின் இருக்கிறது. ஒடுங்கும் வாய் என்பதால் அடி அளவு, நுனி அளவு, நீளம் மூன்றும் வேண்டும். அரை மில்லி தளர்வு வைத்துப் போடுவேன். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் எடுத்தால் 60 டிகிரியிலேயே இளகிவிடும், உங்கள் மாடி வெயில் கதையைப் படித்த பிறகு அதைவிடச் சூடு தாங்கும் பெட்ஜியில்தான் எடுப்பேன்.

கப்பலூர் ஃபிட்டர்

எடுத்துக் கொடு தம்பி. ஆனால் பேண்ட் சாவில் வாய் பொருந்திவிட்டாலும் பாதித் தூள் மேஜைக்குக் கீழே பிளேடு இறங்கும் இடத்திலேயே வெளியே வந்துவிடும். அங்கே ஒரு தகரத் தடுப்பு அடித்து வாய்ப் பக்கம் திருப்பிவிட்டால்தான் குழாய் இழுக்கும். தகடு பிளேடைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் சுருள் வரி போட்டதா, வழவழப்பா? வரி போட்டது என்றால் சாதாரணக் கிளிப் மேடு பள்ளத்தில் சரியாக உட்காராது, பக்கத்தில் காற்று கசியும். கிளிப் போடும் இடத்தில் வரியைக் கத்தியால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, எம்சீல் தேய்த்துச் சமமாக்குங்கள்.

பூவரசம்பலகை (ஒத்தக்கடை)

வரி போட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். சாண்டர் பாக்கி இருக்கிறது.

உளிச்சத்தம் (திருமங்கலம்)

அதைக் கலெக்டரில் மாட்டாதே. வீட்டு வாக்குவம் இருந்தால் அதன் ஹோஸையும் சாண்டர் வாயையும் முட்டி முட்டி வைத்து, மேலே பைக் டியூப் ஒரு துண்டு. முட்டையோ வட்டமோ, டியூபுக்கு எல்லாம் ஒன்றுதான். நடுவில் இடைவெளி விட்டால் இழுப்பில் டியூப் சப்பையாகிவிடும், அது மட்டும் பார்த்துக்கொள்.

பாலைவனத்து ரம்பம்

பைக் டியூப் எந்த சைஸ் ஐயா?

உளிச்சத்தம் (திருமங்கலம்)

பஞ்சர் கடையில் சும்மா தருவார்கள். எந்த சைஸ் தருகிறார்களோ அது.